கூரையைப் பார்த்த கேமராவும் எங்கள் இங்கிலீஷ் வகுப்பும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்வேன், சொன்னதையே திரும்பச் சொல்வேன். சில பெயர்கள் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகின்றன. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து இது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வில்லியனூரில் நான் வேலை பார்த்த இங்கிலீஷ் பயிற்சி நிலையத்தின் இளம் டீச்சர்கள்தான் என்னை விடவில்லை. இப்போதெல்லாம் பரீட்சையை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாமாம். எழுதுகிறவரின் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். சில பிள்ளைகள் அதற்கே பயந்துபோகிறார்களாம். "நம்ம கிளாஸ் கேமரா கதைய எழுதிக் குடுங்கம்மா, ஆண்டு மலர்ல போடறோம்" என்றார்கள். நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுகிறவள் நான். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே என்று ஒத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் நடவு, களையெடுப்பு. வீட்டுக்காரர் போன பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கினேன். அங்கே வாத்தியாராக இருந்த அந்தோணி சார் ஓய்வு பெற்று, பெயிண்ட் கடை மாடியில் இந்த நிலையத்தை ஆரம்பித்தபோது என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். மாடியைக் கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, டீ வாங்கி வருவது, கதவைப் பூட்டுவது என் வேலை. அதோடு இன்னும் இரண்டு வேலைகள் இருந்தன. அவற்றை வேறு எந்த நிலையத்திலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஒன்று, விடைத்தாள் கொடுப்பது. சார் திருத்திய தாளை மூன்றாக மடிப்பார். மார்க்கும் சிவப்பு மையும் உள்ளே போய்விடும். வெளிப்பக்கம் பிள்ளையின் பெயரை எனக்காகத் தமிழில் எழுதுவார். நான் ஒவ்வொரு பெஞ்சாகப் போய் அவரவர் கையில் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து அனுப்பக் கூடாது. வராத பிள்ளையின் தாளை மேசைமேல் வைக்கக் கூடாது, சாரிடமே திருப்பித் தர வேண்டும். யாராவது செய்த தப்பை வகுப்பில் எடுத்துக்காட்ட வேண்டுமானால், சார் அந்தப் பிள்ளையின் பெஞ்சுக்குப் போய், குனிந்து, "உங்க வாக்கியத்தைப் போர்டுல எழுதலாமா? பேர் போடமாட்டேன்" என்று கேட்பார். வேண்டாம் என்று தலையாட்டினால் வேறு வாக்கியம் தேடுவார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். குரல் நன்றாகக் கேட்டால் சார் நல்லபடியாக இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வேலை, கேட்பது. உயர்நிலை வகுப்பில் நர்சு வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள், திருபுவனை கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள், மண்ணாடிப்பட்டுப் பக்கமிருந்து டவுன் பஸ் பிடித்து வரும் பட்டதாரிகள் என்று கலந்து இருப்பார்கள். கடினமான பாடம் எதுவானாலும் அதை இங்கிலீஷில் பேசுவதற்கு முன்னால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். "அஞ்சலையம்மாவுக்குப் புரியலன்னா உங்களுக்கே இன்னும் புரியலன்னு அர்த்தம்" என்பார் சார். எனக்குப் புரிந்தால் தலையாட்டுவேன், புரியாவிட்டால் சும்மா இருப்பேன். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. போகப் போக நடவுப் பாட்டு கேட்பதைப்போலப் பழகிவிட்டது.

கேமரா வந்த கதைக்கு வருகிறேன். பெண் பிள்ளைகளைச் சாயங்கால வகுப்புக்கு அனுப்ப வீட்டில் யோசித்தார்கள். அங்கே போனால் யாருடன் உட்காருகிறாள், என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். பக்கத்தில் வேறொரு நிலையம் கேமரா வைத்து, வீட்டார் போனிலேயே பார்க்கலாம் என்று நோட்டீசு ஒட்டியது. எங்கள் பெண் பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள். சார் பல நாள் யோசித்துவிட்டு, அதேபோல நோட்டீசு போட்டு அவரும் ஒன்றை வைத்தார். கரும்பலகைக்கு மேலே, பிள்ளைகளைப் பார்த்தபடி. படம் மட்டும் போகும், சத்தம் போகாது. சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பிள்ளைகள் அதற்கு மாமியார் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"ஏய், மாமியா பாக்குது, வாய மூடு."

"உன் மாமியாளுக்கு ஒரு கண்ணுதானாடா?"

"ஒரு கண்ணுதான். ஆனா மூடவே மூடாது."

சிரித்தாலும் எதற்காக வைத்தார்களோ அது நடந்தது. பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி சுமதி. இது அவளுடைய பெயர் இல்லை, நான் வைத்தது.

சுமதி நர்சு படிப்பு முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சையில் எழுதுவதில் நல்ல மார்க்கு, பேசுவதில் தவறிவிட்டாள். மறுபடி எழுதத் தேதி வாங்கியிருந்தாள். இந்த முறையும் தவறினால் படிப்பெல்லாம் போதும் என்று வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதாக இருந்தார்கள். அவள் தாளை மடித்துக் கொடுக்கும்போது சார் முகம் மலர்ந்திருக்கும், அதனால் நன்றாக எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பேச எழுந்தால் தலை குனிந்துவிடும். குரல் இரண்டு பெஞ்சு தாண்டாது. ஜோடி ஜோடியாகப் பேசிப் பழகும்போது ஆண் பிள்ளைகளுடன் ஜோடி சேரவே மாட்டாள். சுபாவம் அப்படி, என்னைப்போல என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த வருடம் பொங்கலுக்கு முன்னால் வழக்கம்போல மாடி முழுக்க ஒட்டடை அடித்தேன். நீளக் கோலில் தென்னை ஈர்க்கைக் கட்டி மூலை முடுக்கெல்லாம் தட்டினேன். லீவு முடிந்து வகுப்பு தொடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் வேறு எதையும் பார்க்கவில்லை. சாருக்கு அது முதுகுப் பக்கம். பிள்ளைகள் மட்டும் மேலே பார்ப்பதும், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பதுமாக இருந்தார்கள். பொங்கல் சாப்பிட்ட உற்சாகம் என்று விட்டுவிட்டேன்.

அப்போது எடுத்த பாடம் இந்தக் கதைக்கென்றே அமைந்ததைப்போல இருந்தது. அரசாங்கம் ஜனங்களைக் கண்காணிப்பது பற்றியது. தெருமுனைக் கேமரா, போன் பேச்சை ஒட்டுக்கேட்பது, யார் எங்கே போகிறார் என்று சேர்த்து வைப்பது. சார் போர்டில் சர்வைலன்ஸ், பிரைவசி, கன்சென்ட் என்று வரிசையாக வார்த்தைகளை எழுதி, ஒவ்வொன்றையும் எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னார். பிறகு ஒரு வாக்கியம் எழுதி, "நாம் கண்காணிக்கப்படுகிறோம். இதுல கண்காணிக்கிறது யாரு? எங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"இல்லவே இல்ல. வாக்கியம் முழுசா இருக்கு, ஆளக் காணோம். இந்தப் பாடத்துல இந்த மாதிரி வாக்கியம் ஏன் இவ்ளோ வருதுன்னு யோசிச்சுப் பாருங்க."

பிறகு எனக்குச் சொல்லும் வேலை வந்தது. கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பையன், எப்போதும் வாய் துடுக்கு, முதலில் எழுந்தான்.

"அஞ்சலம்மா, நீங்க போன்ல பேசறத கவர்மெண்ட்டு கேட்டா உங்களுக்கு இன்னா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "கேக்கட்டுமே. எங்க அக்காகிட்ட கொழம்பு பத்திதான் பேசறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பையன் சாரைப் பார்த்துக் கையை விரித்தான். "பாத்தீங்களா சார்? தப்பு பண்ணாதவங்களுக்குப் பயமே இல்ல. கேஸ் முடிஞ்சுது."

அப்போது சுமதி எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை, தானாக எழுந்தாள்.

"அம்மா, பக்கத்து வூட்டுக்காரங்க தெனம் உங்க வூட்டுக்கு வந்து சோத்துச் சட்டிய தெறந்து பாத்துட்டுப் போனா? ஒண்ணும் எடுக்கமாட்டாங்க. பாத்துட்டு மூடி வெச்சுட்டுப் போயிருவாங்க. அவ்ளோதான்."

எனக்கு என்னவோபோல் ஆனது. பழைய சோறும் உப்பும் மட்டும் இருந்த நாட்கள் எங்கள் வீட்டில் உண்டு. அந்த நாட்களில் சட்டியின்மேல் மூடி சரியாக இருக்கிறதா என்று நானே இரண்டு முறை பார்ப்பேன்.

"அது எப்டிம்மா? யாரா இருந்தாலும் கேட்டுட்டுத்தான தெறக்கணும்?" என்றேன்.

"சட்டில திருட்டுச் சாமானா வெச்சிருக்கீங்க?"

"சோறுதாம்மா. இருந்தாலும் என் சட்டியாச்சே."

"அதாம்மா பிரைவசி. நாளைக்கு அவங்க தெறப்பாங்கன்னு தெரிஞ்சா, இன்னைக்கு நீங்க சமைக்கறதே மாறிடும். அவங்களுக்குக் காட்டறதுக்குன்னு சமைப்பீங்க."

நான் தலையாட்டினேன். துடுக்குப் பையன், "அய்யய்யோ, கேஸ் தோத்துடுச்சே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான். சார் மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் நன்றாகக் கேட்கும்படி, "இப்ப இதையே இங்கிலீஷ்ல" என்றார். அவள் சொன்னாள். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை, ஆனால் சட்டி வந்த இடம் தெரிந்தது. தலை நிமிர்ந்து, கையை ஆட்டி, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி பேசினாள். தொடர்ந்து வந்த வகுப்புகளிலும் அப்படியே. அந்தப் பையனுடனேயே ஜோடி சேர்ந்து, ஒருவரை ஒருவர் மடக்கிச் சண்டை போட்டுப் பேசினாள். பரீட்சை தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை தேறிவிடுவாள் என்று எல்லோருக்குமே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒருநாள் வகுப்பு ஆரம்பிக்கும் நேரத்தில் அவளுடைய அண்ணன் மாடி ஏறி வந்தார். திருபுவனையில் ஷிப்டு வேலை. கம்பெனிச் சட்டையோடு, பைக் சாவி கையில் இருக்க, போனை சாரிடம் நீட்டினார்.

"இன்னா சார் இது? ஷிப்டு மாறனதுல இத்தினி நாளா பாக்க முடியல, இன்னைக்குத் தெறந்தா போன்ல கூரை தெரியுது, ஃபேன் தெரியுது. எம் தங்கச்சி எங்க?"

அப்போதுதான் சார் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் ஒட்டடைக்கோல் பட்டு கேமரா மேல்நோக்கித் திரும்பியிருந்தது. பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"கேமரா இருக்குதுன்னுதான சார் சேத்தேன்? எங்கப்பா போனதுலருந்து நான்தான் பாத்துக்கறேன். டீ பிரேக்குல ஒரு தடவ போனத் தெறந்து பாப்பேன். அவ பாட்டுக்கு உக்காந்திருந்தா எனக்கு நிம்மதி. சிரிச்சுப் பேசிக்கினு இருந்தா, யாருகிட்ட, இன்னா பேச்சுன்னு ராத்திரி வூட்ல கேப்பேன். கேக்கக் கூடாதா? நாளைக்கு ஊர்ல நாலு பேரு பேசனா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

சுமதி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பழைய சுமதி. அது அவள் சுபாவம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தமில்லாத படத்தில் வாய் அசைவதைப் பார்த்து இவர் என்ன நினைப்பாரோ என்றுதான் அவள் வாயையே மூடி வைத்திருந்திருக்கிறாள்.

"கேமரா சரியா ஆகலன்னா இன்னையோட நிறுத்திக்கறேன் சார். பரீட்சையும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

சார் கேமராவை மறுபடி அண்ணாந்து பார்த்தார். அவர் கொடுத்த வாக்கு அது, நோட்டீசில் போட்டது. அவர் என் பக்கம் திரும்பி, "அஞ்சலையம்மா, கோலை எடுத்து அதைக் கீழே திருப்பிவிடுங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

கோலை எடுத்து வந்தேன். அது கையில் இருக்கிறது, கேமரா தலைக்கு மேலே இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். என் கை எழவில்லை. அத்தனை வருடத்தில் சார் சொன்ன வேலையை நான் செய்யாமல் நின்றது அன்று ஒரு நாள்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"அந்தப் பொண்ணு இப்பத்தான் சார் பேசுது" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

சார் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். மேசைமேல் அன்றைக்குத் திருத்திய தாள்கள் மூன்றாக மடித்து அடுக்கி இருந்தன. அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு, "கோலை மூலையில வைங்க" என்றார்.

அண்ணனிடம் திரும்பினார். "தம்பி, உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறல. பாக்கணும்னீங்க, பாருங்க. ஆனா போன்ல வேண்டாம். இங்க உக்காந்து பாருங்க. அதுல சத்தம் வராது, இங்க வரும். வகுப்பு முடிஞ்சதும் கேமராவைத் திருப்பணும்னு நீங்க சொன்னா, நானே ஏணி போட்டுத் திருப்பறேன்."

அண்ணன் வாசலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கடைசி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடம் போதாமல் முட்டியை மடக்கிக்கொண்டார். அப்போதும் போனைக் கையிலேயே பிடித்திருந்தார்.

சார் சுமதியின் பெஞ்சுக்குப் போய்க் குனிந்து மெதுவாகக் கேட்டார். "பேசறீங்களா? இஷ்டமில்லன்னா வேண்டாம்." அவள் நோட்டை மூடிவைத்தாள். பிறகு எழுந்தாள். வழக்கப்படி என்னைப் பார்த்துத் தமிழில்தான் தொடங்கினாள். என் பக்கத்தில் இருந்த அண்ணனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"அம்மா, போலீஸ்காரரு தெருவுல நின்னா நமக்குத் தெரியும். அவரு பாக்கறாரு, நாமளும் அவர பாக்கறோம். சந்தேகம்னா கேப்பாரு, நாம பதில் சொல்லலாம். ஆனா எங்கயோ உக்காந்துக்கினு, எப்ப பாக்கறாங்கன்னு தெரியாம பாத்தா, எப்பவுமே பாக்கறாங்கன்னுதான் நாம இருக்கணும். அவங்க பாக்காதப்பகூட. நம்ம மேல அக்கறைலதான் பாக்கறாங்கன்னு தெரியும்மா. அக்கறை இருக்கறவங்க கிட்ட வந்து கேட்டா எல்லாத்தையும் சொல்லுவேன். கூரை மேலருந்து பாத்தா ஒண்ணும் சொல்ல வராது."

அதோடு இங்கிலீஷுக்குப் போனாள். துடுக்குப் பையன் எழுந்து எதிர்க்கட்சி பேசினான். குண்டு வைக்கிறவனைக் கேமரா இல்லாமல் எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டான். அவள் விடவில்லை. போக வர இருக்கிற வாசலில் கேமரா வைப்பது வேறு, ஒருவன் படுக்கையறையில் வைப்பது வேறு என்று மடக்கினாள். வகுப்பே கை தட்டியது.

"அக்கா, அந்தப் பையன் இன்னா சொல்றான்?" என்று அண்ணன் என்னிடம் கிசுகிசுத்தார்.

"கேமரா வோணும்னு சொல்றாம்பா."

"அப்ப ஏன் சிரிக்கறா?"

"அவன மடக்கிட்டா. அதுக்குச் சிரிக்கறா."

அவர் போனைப் பார்த்தார். அதில் இன்னும் கூரையும் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. "வூட்ல இவ இப்டிப் பேசி நான் பாத்ததில்லக்கா" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் சார் நிஜமாகவே ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். கடைக்காரரிடம் இருந்த ஏணியை நாங்கள் மேலே ஏற்றிக்கொண்டு வந்தோம். எல்லோரும் அண்ணனையே பார்த்தோம். அவர் தலையைச் சொறிந்தார்.

"சார், அவ வந்துட்டாளா, கெளம்பிட்டாளான்னு தெரிஞ்சா எனக்குப் போதும் சார். பஸ்ஸு கெடைக்கற நேரம் சரியில்ல, அதான் பயம். வேணும்னா கீழ படிகிட்ட வெச்சிருங்களேன்."

"நீங்களே சொல்றீங்களே" என்றார் சார். குரல் நன்றாகக் கேட்டது.

ஏணியில் ஏறிக் கேமராவைக் கழற்றியவரும் அந்த அண்ணன்தான். கம்பெனியில் அவருக்கு அந்த மாதிரி வேலைதான். படிக்கட்டுக்கு மேலே தெருவைப் பார்த்தபடி மாட்டிக் கொடுத்தார். "மாமியாள வாசல்லயே உக்கார வெச்சுட்டீங்களே அண்ணா" என்று துடுக்குப் பையன் சொல்ல, அவரும் சிரித்துவிட்டார். சுமதி சிரித்தாளா என்று நினைவில்லை. தண்ணீர் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தாள், அது நினைவிருக்கிறது.

இதைக் கேள்விப்பட்டு ஓரிரு வீட்டார் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். சார் அவர்களையும் வந்து உட்காரச் சொன்னார். சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை.

சுமதி பரீட்சையில் தேறினாள். முடிவு தெரிந்த அன்று சாயங்காலம் இனிப்போடு வந்தவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "கண்காணிப்பு, கண்காணிப்புன்னு அவ்ளோ படிச்சமே அம்மா, அங்க இன்னா கேட்டாங்க தெரியுமா? உனக்குப் பிடிச்ச சாப்பாடு எதுன்னு." பழைய சோற்றைப் பற்றிப் பேசினாளாம். பரீட்சை வைத்தவர் இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று கேட்டாராம். ஏர்போர்ட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டவர் அந்த அண்ணன்தான்.

இப்போது தூர தேசத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நேரம் கிடைக்கும்போது எனக்குப் போன் செய்வாள். மற்றவர்களைப்போல நேராக வீடியோவில் வந்து நிற்கமாட்டாள். முதலில் குரல் மட்டும் வரும். "அம்மா, இன்னா பண்றீங்க? வீடியோ போடட்டா, இல்ல பேசினா போதுமா?" என்று கேட்பாள். தலை வாராமல் இருந்தால் பேச்சு போதும் என்பேன். வாரியிருந்தால் போடு என்பேன்.

பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் கம்ப்யூட்டர் கண்ணைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அதற்கு முன்னால் சத்தமாகப் பேசிப் பழக எங்கள் மாடி இருக்கிறது. அங்கே கடைசி பெஞ்சில் இப்போது வேறு ஒருவர் உட்கார்ந்து கேட்கிறாராம்.

டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் சுமதிக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். நடந்ததை மாற்றிச் சொல்லியிருப்பேன், பொங்கலுக்கு முன்னால் நடந்ததைப் பின்னால் போட்டிருப்பேன், இங்கிலீஷ் வார்த்தைகளை என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். அவள் சரிபார்க்கட்டும். தப்பாக இல்லாவிட்டாலும், வெளியே தெரிய வேண்டாம் என்று அவள் நினைக்கிற வரி எதுவானாலும் அடித்துவிடட்டும். முழுவதும் வேண்டாம் என்றால் முழுவதையும்தான். எனக்கு வருத்தமில்லை. தாள்களை மூன்றாக மடித்து, வெளியே அவள் நிஜப் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அவள் கையில் மட்டும் சேரும்படி அனுப்புங்கள்.